எஞ்சிய சிவப்பு முகடு

கணினித் திரையில் ஒரு முகடு எழவேண்டிய இடத்தில் வெறும் கோடு ஓடியது. திருப்பதியில் எங்கள் ஆய்வகத்தில், என் மனைவி பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் அது. இருவரும் இயற்பியலாளர்கள், சித்தூரிலிருந்து ஒரே பேருந்தில் வந்து, ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். குவாண்டம் கணினிக்கென மின்புலத்தில் பிடித்துவைத்த ஒற்றை அயனியை லேசரால் குளிர்வித்து, அதன் அசைவை இயற்கை அனுமதிக்கும் கடைசிப் படிக்கு இறக்கிப் பார்த்தபின்பே ஆய்வகச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

அந்தக் குளிரை அளக்க வெப்பமானி கிடையாது. லேசரின் நிறத்தைச் சற்றே சிவப்புப் பக்கம் நகர்த்தினால், அது அயனியிடமிருந்து ஓர் அசைவுப் படியைப் பறிக்கும். நீலப் பக்கம் நகர்த்தினால் ஒரு படியைக் கொடுக்கும். பறிப்பது திரையில் சிவப்பு முகடாகவும் கொடுப்பது நீல முகடாகவும் எழும். பறிக்க ஏதும் எஞ்சாதபோது சிவப்பு முகடு எழாது. நீல முகடு அப்போதும் எழும். இரண்டின் உயரங்களையும் ஒப்பிட்டால் வெப்பநிலை தெரிந்துவிடும். நீலத்தை முதலில் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று ஆவலில் இருவருமே அதைத் தாண்டிவிட்டோம்.

“ஏங்க, ரெட்டு காணோங்க! படுத்துக்கிச்சு!” என்று கைதட்டியவள் பாதியில் நிறுத்தினாள். “இருங்க. ப்ளூ பார்த்தமா?”

நீலமும் இல்லை. லேசர் ஒளியை மறித்துத் திறக்கும் ஷட்டர் திறக்கவே இல்லை. ஒளியே சென்று சேராத அயனியைக் குளிர்ந்துவிட்டது என்று கொண்டாடியிருந்தோம். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “கரெண்ட் போன வீட்டப் பார்த்து, டிவி சத்தமே இல்ல, எவ்ளோ அடக்கமான குடும்பம்னு மெச்சிக்கினு நின்ன மாரி இருக்குது.”

ஷட்டரை மாற்றியதும் சிவப்பு முகடு ஓங்கி எழுந்தது. எஞ்சிய நாள்களில் அதைச் சிறிது சிறிதாகத் தணித்தோம். கடைசி நாள் மாலை, நீலம் நெடிதாக நின்றது. சிவப்பின் இடத்தில் ஒரு சிறு மேடு. எத்தனை முறை அளந்தாலும் அது போகவில்லை.

“இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கலாமா?” என்றேன்.

“வேணாங்க. கொஞ்சம் ஆடுது, ஆடட்டும். எவ்ளோ ஆடுதுன்னு தெரியுதில்ல, அது போதும்.”

சாவியைக் கொடுத்துவிட்டு, பேருந்தில் சித்தூர் வரை நிம்மதியாக உறங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் மறைந்தபின் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வெளியே வருகையில், “எப்டி இருக்கீங்க சார்?” என்று சபையார் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறேன் என்கிறேன். பெரும்பாலும் அது உண்மை. உள்ளே இன்னும் ஆடும் மிச்சம் எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும்.