சல்மாவின் கடைசி ஐம்பது மீற்றர்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் தளத்துக்கு எகிப்திலிருந்து ஒரு தாயும் மகளும் குடிவந்தார்கள். மகளின் பெயர் சல்மா. வயது பதின்மூன்று. அலெக்சாண்ட்ரியாவில் அவளுடைய வயதுப் பிள்ளைகளில் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அவளை முந்த ஒருவரும் இருக்கவில்லையாம். அதையும் ஆறு மாதம் கழித்து அவளுடைய தாய் சொல்லித்தான் அறிந்தோம். அவள் தானாக ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் வந்து சேர்ந்த நீச்சல் கழகத்தில்தான் நானும் இருந்தேன். தீவுப்பகுதியில் கடலைப் பார்த்து வளர்ந்த என் அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. அந்த வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ள என்னைத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தார். நான் நீந்தியதைவிட, தடம் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சல்மாவைப் பார்த்ததுதான் அதிகம். அவளுடைய கைகள் இரண்டும் ஒன்றாக எழும், ஒன்றாக விழும், ஆனால் சத்தம் வராது. நான் விழுந்தால் மூன்று தடங்களுக்குத் தண்ணீர் தெறிக்கும்.

அவளிடம் ஒரே ஒரு குறை இருந்தது. முடிவை நெருங்கும்போது சுவரைத் தேடித் தலையை உயர்த்திவிடுவாள். உடனே இடுப்பு தாழ்ந்து வேகம் குறையும். மாகாணப் போட்டிக்குத் தகுதிபெறத் தேவையான நேரத்தை அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தரம் அரை விநாடியால் தவறவிட்டிருந்தாள். பெப்ரவரியில் நடந்த போட்டிதான் கடைசி வாய்ப்பு.

அவளுக்கு நீந்தப் பழக்கியவர் தகப்பன். அவருக்குக் கனடா வர விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. தாய்க்கு வார இறுதிகளில் மிசிசாகாவில் வேலை. ஆகவே எங்கள் சித்தப்பா தன்னுடைய வான் வண்டியில் எங்களைப் போட்டிகளுக்கு ஏற்றிப்போவார். பார்வையாளர் வரிசையில் நின்று சல்மாவின் போனைப் பிடித்து, அவள் நீந்துவதைத் தகப்பனுக்கு நேரடியாகக் காட்டுவது என் வேலை. என் நீச்சலுக்கு எவரும் எந்தப் பதவியும் தரப்போவதில்லை என்று தெரிந்திருந்ததால், இந்தப் பதவியை நான் மிகுந்த பொறுப்போடு வகித்தேன்.

திரையில் தகப்பன் எப்போதும் மேல் பொத்தான் வரை பூட்டிய சட்டையோடு, தலையை ஒழுங்காக வாரி, அரங்குக்கே வந்தவர் போல உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் கீழே என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்பார். பிறகு ஒவ்வொரு தரமும் நன்றி சொல்லுவார்.

அந்தப் பெப்ரவரிப் போட்டியில், நூறு மீற்றருக்கு, சல்மா நான்காம் தடத்தில் நின்றாள். முதல் ஐம்பது மீற்றரில் இரண்டாவதாக வந்தாள். அவள் திரும்பிச் சுவரை உதைத்த கணத்தில் தகப்பனின் முகம் வாய் பாதி திறந்தபடி அசையாமல் நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது.

போனை உயர்த்தினேன், தாழ்த்தினேன், திரும்பத் திரும்ப அழைத்தேன். பக்கத்தில் சித்தப்பா எழுந்து நின்று, "விடாதை பிள்ளை, விடாதை" என்று அவளுக்கு விளங்காத தமிழில் கத்திக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்தபோது அவள் சுவரைத் தொட்டிருந்தாள். பலகையில் அவள் பெயர் முதலாவதாக இருந்தது. நேரமும் கிடைத்துவிட்டது. அவள் அதுவரை நீந்தியவற்றில் மிகச் சிறந்த நீச்சலைத் தகப்பனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

போனோடு கீழே ஓடினேன். பயிற்சியாளர் அவளைத் துவாயால் சுற்றி அணைத்தபடி, "இன்றைக்குத்தான் உன் தலை கடைசிவரை உயரவேயில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சல்மா அவருடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"பாபா பார்த்தாரா?"

"பார்த்தார். முழுக்கப் பார்த்தார். அழுதார்" என்றேன்.

அந்த அழுகையை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் உடை மாற்றப் போனதும் சித்தப்பா மெதுவாகக் கேட்டார். "லைன் அறுந்ததை நான் பாத்தனான். ஏன் பொய் சொன்னனி?"

"அவ பாவம், சித்தப்பா."

"ஓம், பாவம்தான். தேப்பன் உண்மையைச் சொன்னா என்ன செய்யப்போறாய்?"

"ஐ டோன்ட் நோ" என்றேன். அழுகை வந்தது.

வானுக்குள் சல்மா தகப்பனை அழைத்தாள். இம்முறை உடனே கிடைத்தார். இருவரும் அரபியில் நீண்ட நேரம் பேசினார்கள். நான் என் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டு அவள் சிரித்தாள்.

"எல்லாம் நன்றாக இருந்ததாம். கடைசியில் மட்டும் தலையை உயர்த்திவிட்டேனாம். ஆறு வயதிலிருந்து சொல்லியும் நான் கேட்பதில்லையாம்."

எனக்கு மூச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் நின்றுபோனாலும் படம் எப்படியோ அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். சித்தப்பா பின்பார்க்கும் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, "நல்ல மனுசன்" என்றார்.

மாகாணப் போட்டியில் சல்மா ஐந்தாவதாக வந்தாள். அடுத்த ஆண்டு எகிப்தின் இளையோர் அணியில் இடம் கிடைத்துத் தகப்பனிடமே திரும்பிப் போனாள். தாயும் பின்னால் போனார். ஆப்பிரிக்க நாடுகளின் போட்டியொன்றில் வெண்கலம் வாங்கினாள். பத்தொன்பது வயதில் தோள்மூட்டுக் காயத்தால் நீச்சலை விட்டாள். இவற்றில் பாதியை முடிவுப் பட்டியல்களில் தேடித்தான் அறிந்தேன். வாரந்தோறும் எழுதிய நாங்கள் பிறந்தநாளுக்கு மட்டும் எழுதத் தொடங்கி, பிறகு அதையும் விட்டோம்.

நான் இப்போது ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கிறேன். அந்தக் கடைசி ஐம்பது மீற்றரை இணையத்தில் எத்தனையோ தரம் தேடியிருக்கிறேன். வேறொரு பிள்ளையின் தகப்பனோ தாயோ படம் பிடித்திருக்கலாம், அதன் ஓரத்தில் நான்காம் தடமும் விழுந்திருக்கலாம். இதுவரை அகப்படவில்லை.

பயிற்சியாளர் சொன்னதையும் தகப்பன் சொன்னதையும் அரை மணிநேர இடைவெளியில் நானும் கேட்டேன், சல்மாவும் கேட்டாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தெரியவில்லை. தகப்பன் பார்க்கவேயில்லை என்பது அவளுக்கு வானுக்குள் அந்த நிமிடமே விளங்கியிருக்கும். "இனி உயர்த்தமாட்டேன் என்று பாபாவிடம் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மார்க்கம் வீதி வரும்வரை அப்படியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு மீற்றர் நீந்தியவளுக்குக் களைப்பாக இருக்கும் என்று நினைத்து, என் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டேன்.