எங்கள் எஞ்சின் ஆடிய இரண்டு போட்டிகள்

நான் சென்னையிலிருந்து இந்தத் தீவு நாட்டுக்கு வந்து கிளமெண்டியில் குடியிருப்பவள். என் தோழி இங்கேயே பிறந்து சுவா சூ காங்கில் வளர்ந்தவள். ஒரே அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறோம். வார இறுதிகளில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு செஸ் எஞ்சின் எழுதினோம். தானே யோசித்துச் சதுரங்கம் ஆடும் நிரல். அது ஓரளவு ஆடத் தொடங்கியதும் எங்களுக்குள் சண்டை வந்தது. எந்தப் போட்டிக்கு அனுப்புவது?

கணினிகள் மோதும் போட்டிகளில் பழைய பாணி ஒன்று உண்டு. நிரலை எழுதியவர்களே கணினியோடு வந்து எதிரெதிரே உட்கார்ந்து, அது சொல்கிறபடி பலகையில் காய்களை நகர்த்துவார்கள். பட்டம், கோப்பை எல்லாம் உண்டு. இணையத்தில் நடப்பது வேறு மாதிரி. எல்லா நிரல்களுக்கும் ஒரே கணினி, ஓயாத ஆட்டங்கள். கோப்பை கிடையாது, ஆனால் பலசாலிகள் எல்லாம் அங்கேதான்.

"பழைய போட்டியில பட்டம் வாங்குன எஞ்சின், இணையத்துல நடுவுல தொங்குது பாரு," என்றேன்.

"இருக்கட்டும்க்கா. அங்க போனா நாலு பேர பாக்கலாம் லா. இதுல யார பாப்பீங்க?"

கடைசியில் இரண்டிலும் ஆடுவது என்று முடிவாயிற்று.

இணையத்தில் கடைசிப் பிரிவில் இடம் கிடைத்தது. தோல்விமேல் தோல்வி. ஒரு சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டுக்கொண்டே கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரிவில் முதலிடத்தில் இருந்த எஞ்சின், ஒரு யானை கூடுதலாக வைத்துக்கொண்டு எங்களை நசுக்கிக்கொண்டிருந்தது. திடீரென்று அதற்கு என்ன ஆயிற்றோ, முன்னும் பின்னும் அதே நகர்த்தலையே ஆடியது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் ஆட்டம் சமன்.

"டிரா! அக்கா, டிரா!" என்று குதித்தாள்.

"யாரும்மா ஜெயிச்சது?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"யாரும் ஜெயிக்கல அங்கிள்!" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

சில மாதங்களில் பழைய பாணிப் போட்டி ஒன்று என் வீட்டுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. முதல் சுற்றில் எங்களுக்கு எதிரே ஒரு நரைத்த தாடிக்காரர், ஐரோப்பாவிலிருந்து வந்தவர். எங்கள் எஞ்சினின் பெயரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். தேக்காவில் நாங்கள் பார்த்த அந்த ஆட்டத்தின் எதிராளி அவருடைய எஞ்சின்தான். அந்தச் சமன் அவரைத் தூங்கவிடவில்லையாம். தேடித் தேடிப் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாராம். எங்களுக்கு மனமார நன்றி சொன்னார். பிறகு, பிழை நீங்கிய அந்த எஞ்சின் எங்களைத் துவைத்தெடுத்தது.

"அக்கா, நாமதான் அதுக்கு டியூஷன் எடுத்திருக்கோம்!" அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று மாலை அவரைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப்போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம். எந்தப் போட்டி பெரியது என்று கேட்டேன். அவர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

கடைசிச் சுற்றில் இரண்டு மாணவர்கள் எழுதிய எஞ்சினை எங்களுடையது வென்றது. அவள் போட்ட கூச்சலில் நடுவர் உதட்டில் விரல் வைத்தார். பட்டியலில் நாங்கள் அடியில்தான். ஆனாலும் கிளமெண்டி ரயில் மேடையில் நின்று அவள் தன் அம்மாவிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள்:

"இல்லம்மா, நான் விளையாடல. நாங்க எழுதுனது விளையாடுச்சு. ஆமா, ஜெயிச்சிட்டோம்!"