மார்கழியில் வாங்கிய லெப்டொப்

கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர்களை நாட்டாமி என்பார்கள். யோகராஜ் மீசை முளைக்கும் முன்பே தலவாக்கலைத் தோட்டத்தை விட்டு வந்து நாட்டாமியானவன். அவன் தோளில் பருப்பும் சீனியும் ஏறி இறங்கிய காலத்தில் தங்கை அனுஷியா உயர்தரம் முடித்தாள். பகலில் கொட்டாஞ்சேனைத் துணிக்கடையில் நின்றுகொண்டே இணையவழிப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்துக்கும் வந்துவிட்டாள். அவர்கள் பிறந்த தோட்டத்து லயத்து வீடுகளில் பட்டதாரி என்று எவரும் இருந்ததில்லை. முதலாவது ஆளாக அவள்தான் வரவிருந்தாள். தை மாதத்தில் இறுதிப் பரீட்சை. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கணினியில் மட்டும். கைபேசியில் அது திறக்காது.

மார்கழியில் இருவரும் வெள்ளவத்தையில் பாயிஸின் கணினிக் கடைக்குப் போனார்கள். அவர் கண்ணாடி மேசையில் இரண்டு லெப்டொப்பை எடுத்து வைத்தார். ஒன்று புத்தம் புதியது. மற்றது ஏதோ அலுவலகம் பாவித்துக் கழித்தது, மூலை தேய்ந்திருந்தது.

"புதுசு பாக்க வடிவு, தங்கச்சி. ஆனா இந்த வெலையில வாறது ரெண்டு வேலை சேந்தாத் தெணறும். பழசு நல்லா ஓடும்."

"புதுசுக்குத்தானே ஒரு வருச வாரண்டி?" என்றான் யோகராஜ்.

"ஓம். பழசுக்கு ஒரு கெழமதான், ஏழு நாள். அதுக்குள்ள நல்லா ஓட்டிப் பாருங்க, வயரக் கழட்டியும் பாருங்க. பிழை ஈந்தா மாத்தித் தாரன். பொறகு வந்து என்ட சட்டையப் புடிக்க வேணாம், தம்பி."

அனுஷியா இரண்டிலும் விரிவுரை வீடியோவை ஓடவிட்டாள். புதியது விக்கி விக்கி நின்றது. பழையதைக் காட்டி, "இதுண்ணே" என்றாள். அவள் தெரிவில் பிழையே இல்லை.

வாடகை அறைக்கு வந்து பையைத் திறக்கப் போனவளை அவன் தடுத்தான். "வேணாம் புள்ள. பொங்கலன்னிக்குச் சாமி கும்பிட்டுட்டுத் தொற."

"ஒரு கெழமைன்னு சொன்னாரேண்ணே."

"கடையில ஓடிச்சில்ல? சும்மா கெடந்தா அழுகிப்போக அது என்ன மாம்பழமா?"

கடையில் அது வயரோடுதான் ஓடியது என்பது இருவர் நினைவிலும் இல்லை. அவர்களுடைய அப்பா ஒரு மார்கழியில்தான் பழைய ஆட்டோவைக் கொண்டுவந்து அன்றைக்கே ஓட்டினார். தை பிறக்கும் முன் அது அவரோடு பள்ளத்தில் கிடந்தது. அதன்பிறகு மார்கழியில் அந்த வீட்டில் எதுவும் தொடங்கப்பட்டதில்லை. நல்ல பொருள் கைமாறிவிடுமே என்றுதான் யோகராஜ் இப்போது வாங்கினான். வாங்குவது வேறு, தொடங்குவது வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அப்பாவைத் தூக்கி வந்ததை அனுஷியாவும் பார்த்தவள்தான். பை சாமிப் படங்களுக்குக் கீழே போனது.

பொங்கலன்று மூடியில் சந்தனம் வைத்து, வயரைச் செருகித் திறந்தார்கள். பளிச்சென்று வந்தது. யன்னலோரம் கொண்டுபோக வயரைக் கழற்றினாள். திரை இருண்டது.

பாயிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டரி செத்துட்டு. கெழமக்குள்ள வந்தீந்தா வேற ஒன்டு தந்தீப்பன். இந்த மொடலுக்கு வெளியாலருந்துதான் எடுக்கணும், பரீட்சைக்கு முந்தி வருமென்டு சொல்லேலாது. வயரோட பாவிங்க."

சட்டையைப் பிடிக்க யோகராஜுக்குக் கை எழவில்லை.

பரீட்சை ஒரு மாலைப்பொழுதில். இணையத்தைக் கைபேசியிலிருந்து எடுத்தார்கள். அவன் வேலைக்குப் போகாமல், எவரும் வயரை மிதித்துவிடாதபடி பிளக் அருகில் குந்தியிருந்தான். தங்கையின் விரல்கள் நிற்காமல் ஓடின. நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று மின்விசிறி தளர்ந்தது. அவன் முதலில் பிளக்கைத்தான் அழுத்திப் பார்த்தான். வெளியே ஒழுங்கையில் எல்லா வீடும் இருட்டு.

வீட்டுக்காரி மாக்ரெட் மெழுகுதிரியோடு வந்தாள். "கரண்ட் போயிட்டுது பிள்ளை. எழுதி முடிச்சிட்டியா?" திரியை மேசையில் ஒட்டிவிட்டுப் போனாள்.

கரண்ட் வந்தபோது பரீட்சை மூடப்பட்டிருந்தது.

"திரும்ப எழுத விடமாட்டாங்களா?" என்றான் அவன்.

"அடுத்த வருசம்." அனுஷியா வயரைச் சுற்றி, லெப்டொப்பைப் பையில் போட்டு, சாமிப் படங்களுக்குக் கீழே பழைய இடத்திலேயே வைத்தாள். "எந்த மாசம் தொறக்கலாம்னு பாத்துச் சொல்லுண்ணே."

மறுநாள் விடிய அவள் துணிக்கடைக்குப் போனாள். மூடியில் சந்தனம் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது.