சுப நிகழ்ச்சிகளுக்கு மட்டும்

மார்க்கெட்டிங் பாடத்தில் எங்கள் குழு வாங்கியதுதான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அந்த மதிப்பெண் பட்டியலை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிழித்துப் போடலாம் என்றால் அதையும் வேலைக்கு விண்ணப்பிக்கிற இடத்தில் எல்லாம் கேட்கிறார்கள்.

அப்போது பி.பி.ஏ. இரண்டாம் வருடம். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, காலேஜ் பஸ் பிடித்துப் போக வேண்டும். ஒரு நாள் மேடம் எங்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்தார். குழுவுக்கொரு மியூசிக் பேண்டை எடுத்துக்கொண்டு, அதை மக்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று செய்து காட்டச் சொன்னார். அவர் மனதில் இருந்தது கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையில் குதிக்கிற பையன்கள். மற்ற குழுக்களும் அப்படித்தான் புரிந்துகொண்டன. எனக்குப் பேண்டு என்றால் என் அப்பாவின் பேண்டு செட்டுதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொல்லித் தொலைத்தேன்.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. மிச்ச நேரத்தில் டிரம்பெட் ஊதுவார். மொத்தம் எட்டுப் பேர். நெமிலிச்சேரி, பட்டாபிராம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், சாமி ஊர்வலம், சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். ஆடி மாதத்தில் அப்பாவைக் கண்ணால் பார்க்க முடியாது. கல்யாணத்துக்குத் தங்க நிற ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு, சாவுக்கு வெள்ளைச் சட்டை. விசிட்டிங் கார்டில் ஒரே ஒரு வரி இருக்கும்: ‘நல்லது கெட்டது எல்லாத்துக்கும் வாசிக்கப்படும்.’

செட்டில் பெரிய டிரம் அடித்தவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். ரத்த சொந்தம் இல்லை. செட்டு தொடங்கிய நாளிலிருந்து அவரும் அப்பாவும் ஒன்றாகவே திரிந்தவர்கள். முட்டி தேய்ந்துபோன பிறகு டிரம்மை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். இரண்டு பேரும் டீ குடிக்க உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான்.

“நான் முன்னாடி போய்ட்டா நீதான் ஊதணும்” என்பார் பெரியப்பா.

“நான் முன்னாடி போய்ட்டா?”

“வந்து அடிப்பேன். முட்டியாவது இன்னாவது.”

“இதுங்களுக்கு வேற பேச்சே கெடைக்காது” என்று அம்மா திட்டுவாள். அவர்கள் சிரித்தாலும் அது விளையாட்டுப் பேச்சில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் குழுவுக்கு யாரும் தலைவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவனிடம் லேப்டாப் இருந்தது, இங்கிலீஷ் பேசினான், தலைவனாகிவிட்டான். அப்பாவின் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கெட்டதுன்னா?”

“சாவு” என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: “ரெண்டுக்கும் அதே டிரம்பெட்டா? நடுவுல கழுவுவாங்களா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். என் முகம் சூடாகிவிட்டது. அந்த டிரம்பெட்தான்டி எனக்குப் பீஸ் கட்டுகிறது என்று அவள் மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் ஆயிரம் பதில் வருகிறது. அன்றைக்கு நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்ஸ்டாகிராமில் செட்டுக்கு ஒரு பக்கம் தொடங்கினோம். “அந்தக் கெட்டதை எடுத்துட்டு நீட்டா ஒரு லைன் போடு” என்று தலைவன் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான். நான் ‘சுப நிகழ்ச்சிகளுக்கு’ என்று அடித்தேன். அவன் கேட்டது அவ்வளவுதான். அந்தப் பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தேன்: ‘மட்டும்.’ அதை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன்.

புக்கிங்குக்கு அவன் தன் நம்பரையே போட்டுக்கொண்டான். பெரிய இடத்து ஆட்களிடம் அப்பாவுக்குப் பேசத் தெரியாதாம். அதற்கும் தலையாட்டினேன். ஒரு சனிக்கிழமை எல்லோரும் வந்து சிவப்புக் கோட்டில் அப்பாவைப் படம் எடுத்தார்கள். அப்பா போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி போடவில்லை. படத்தை மட்டும்தான் பார்த்தார். “நான் இவ்ளோ ஷோக்காவா கீறேன்” என்று கேட்டுவிட்டு, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார்.

மேடம் எங்களை வானளாவப் புகழ்ந்தார். இமேஜ் பிரச்சினையைச் சரியாகக் கண்டுபிடித்து நீக்கியிருக்கிறோமாம். என் அப்பா இருபது வருடமாகச் செய்கிற வேலை ஒரு இமேஜ் பிரச்சினை. வகுப்பு கைதட்டியது, நானும் தட்டினேன். அந்தக் கையை என்ன செய்தால் தகும்.

அது முடிந்து மூன்று வாரம் இருக்கும். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தலைவனின் போன் அடித்தது. எடுத்தான். “இல்லைங்க, சாவுக்கெல்லாம் போறதில்ல. பேஜ்லயே போட்டிருக்கே, பாக்கலையா?” என்று சொல்லி வைத்தான். “இன்னும் இந்த மாதிரி கால் வருது பாரேன்” என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். யார் பேசினார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. சாம்பார் சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

பேசியது பெரியப்பாவின் மகன். அன்று காலையில் பெரியப்பா போய்விட்டார். அவன் முதலில் அப்பாவுக்குத்தான் அடித்திருக்கிறான். கம்பெனியில் ஷிப்டு முடிகிற வரைக்கும் போன் லாக்கரில்தான் இருக்கும். நேரமாகிறதே என்று, அப்பாவே அனுப்பி வைத்த பக்கத்தில் இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறான்.

அம்மா போன் பண்ணி விஷயத்தைச் சொன்னதும் நெமிலிச்சேரியில் இறங்கிப் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். அப்பாவும் ஷிப்டு முடிந்து, வெள்ளைச் சட்டை மாற்றி, டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். தெருவுக்குள் நுழையும்போதே வாசிப்பு கேட்டது. வேறு செட்டு.

பெரியப்பாவின் மகன் எழுந்து வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. “இன்னா சித்தப்பா, டிரம்பெட்டெல்லாம் எடுத்துகினு வந்துகீற. நீங்கதான் இப்ப சாவுக்கு வர்றது இல்லியாமே.”

“யார்ரா சொன்னது?”

அவன் போனைக் காட்டினான். அப்பா இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

ஒரு செட்டு வாசிக்கிற இடத்தில் இன்னொரு செட்டுக்காரன் வாய் வைக்கக் கூடாது. அது அவர்கள் தொழிலில் உள்ள முறை. கேட்டிருந்தால் அந்த ஆட்கள் விட்டுக்கொடுத்திருப்பார்கள். அப்பா கேட்கவில்லை. பெரியப்பாவை எடுக்கும்போது டிரம்பெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகச் சுடுகாடு வரைக்கும் நடந்தார். டிரம் அடித்த பையன் நடுவில் இரண்டு தடவை தாளம் தப்பினான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலேஜில் அந்தத் தலைவனின் சட்டையைப் பிடிக்காத குறை. பேஜை இப்போதே தூக்கு என்று கத்தினேன். “எதுக்கு இவ்ளோ சீன்? அந்த லைனை டைப் பண்ணது நீதானே” என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதற்காகவும் அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. எதிரில் நின்று அவன் பேஜை அழிக்கிற வரைக்கும் நகரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா டிரம்பெட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

“யாரும்மா அத்த எழுதனது?”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

“காலேஜ் பசங்கப்பா.”

“சரி, உடு. நம்ம தொழிலு அதுங்களுக்கு இன்னா தெரியும்” என்றார். துணியை மடித்து வைத்தார். “நீ பக்கத்துல இருந்திருந்தா எழுத உட்ருப்பியா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.