அல் கூஸில் லாக்ராஸ் பார்த்த வெள்ளிக்கிழமை

பார்க்க வந்தவர்களுக்கே விதி தெரியாத ஓர் ஆட்டத்தை நம்பி, கையில் இருக்கும் வேலையை ஒருவர் விடலாமா? துபாய் போய்த் திரும்பி நான்கு நாளாகிவிட்டது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

என் கணவர் ஜாஹிர் தோஹாவில் ஒரு ஏசி கம்பெனியில் கணக்காளர். நஜ்மாவில் சின்ன வீடு, மூன்று வயது மகள் ஹனா. துபாயில் லாக்ராஸ் ஆட்டத்துக்குத் தொழில்முறை லீக் நடத்தும் ஒரு நிறுவனம் இவரை வேலைக்குக் கூப்பிட்டது. சம்பளம் இப்போதையதைப் போல ஒன்றரை மடங்கு. குடும்பத்தோடு வந்து ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

2008 டிசம்பர், வியாழன் மாலை தோஹாவில் விமானம் ஏறினோம். துபாய்க்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஹனா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவரோ லீக்கின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று வருடத்துக்கு முன் நாலைந்து அமெரிக்க இன்ஜினியர்கள் லீவு நாளில் மணலில் ஆடியது; பிறகு கிளப்; இப்போது சம்பளத்துக்கு ஆடும் நான்கு அணிகள்; அடுத்த வருடம் தோஹாவிலும் மனாமாவிலும் ஒவ்வொன்று. "வளர்ற இடத்துல முதல்லயே போய் நிக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு, நாங்கள் தங்கியிருந்த தெய்ராவிலிருந்து அல் கூஸுக்கு டாக்ஸி பிடித்தோம். இருபது கிலோமீட்டர், முப்பத்தெட்டு திர்ஹம். ஓட்டுநர் மலையாளி.

"அல் கூஸ்ல கோடவுன் மாத்ரம்தானே உண்டு. அங்க என்ன விளையாட்டு?"

"லாக்ராஸ்" என்றார் இவர்.

"அங்ஙனெ ஒரு ஹோட்டல் ஞான் கேட்டதே இல்ல."

சாலையின் இருபுறமும் பாதிக் கட்டடங்கள். கிரேன்கள் அசையவில்லை. விடுமுறை போலிருக்கிறது என்றேன். "வெள்ளிக்கிழமைக்கு அல்ல சேச்சி. கம்பெனி கையில பைசா இல்ல, வேல நிறுத்தியாச்சு. எல்லாம் கலாஸ்" என்றார் அவர்.

கிடங்குகளுக்கு நடுவே கண் கூசும் பச்சையில் ஒரு புல்தரை. பக்கத்துக்குப் பத்துப் பேர், தலையில் இரும்புக் கம்பி வைத்த கவசம். ஆளுக்கொரு கம்பு, அதன் நுனியில் சின்ன வலைப்பை. ரப்பர் பந்தை அந்தப் பையில் ஆட்டி ஆட்டி ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள். எதிராளி கம்பாலேயே அடித்துப் பிடுங்குகிறான். கடைசியில் கோலுக்குள் வீசுகிறார்கள். வேகம் பயமாக இருந்தது. ஹனா என் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டாள்.

பார்வையாளர் கேலரி நிறைந்திருந்தது. எங்களை அழைத்த நிறுவனத்தின் அமெரிக்க மேலாளர், கூட்டத்தைக் காட்டி, போன மாதம் இங்கே பாதிகூட நிறையவில்லை, வாராவாரம் கூடுகிறது என்று சொல்லி, இவரைப் பேச உள்ளே கூட்டிப்போனார். நானும் ஹனாவும் தனியாக உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் பின்வரிசையில் தமிழ் கேட்டது.

"டேய், நாம எந்தப் பக்கம்டா?"

"உனக்கு என்ன கொடி குடுத்தாங்க? மஞ்சளா? அப்ப மஞ்சச் சட்டக்காரன்தான் உனக்கு மாமன் மச்சான்."

"அந்தக் கம்பு ஒண்ணு கெடச்சா கம்மாயில கெளுத்தி அள்ளலாம்."

கீழே நின்ற ஒருவர் "தாலி பஜாவோ, ஜல்தி!" என்று இந்தியில் கத்தி, கைதட்டச் சொல்லிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் திரும்பி, "நீங்க வாராவாரம் வருவீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"தமிழா தங்கச்சி!" என்று மலர்ந்தார் கொடி வைத்திருந்தவர். பெயர் முருகேசன், அறந்தாங்கிப் பக்கமாம். "இதான் மொதத் தடவ. சோனாப்பூர் லேபர் கேம்ப்லேருந்து பஸ்ஸுல கூட்டியாந்தாங்க. பிரியாணி, ஜூஸு. கட்டட சைட்டு நின்னு ஒரு மாசமாச்சு, ரூம்ல சும்மாதானே கெடக்கோம்."

"இவங்க எல்லாருமா?"

"எல்லாம் சைட்டு நின்ன கேம்ப்பு ஆளுகதான். அதான் இம்புட்டுக் கூட்டம்."

"அடுத்த வாரம்?"

"ஊருக்கு ஏத்திவிடப்போறாங்கன்னு பேச்சு. அதுக்குள்ள இந்த மஞ்சச் சட்டக்காரன் செயிச்சாச் சரி" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை.

திரும்பும்போது டாக்ஸியில் இவரிடம் சொன்னேன். அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றார். "பஸ் ஏற்பாடு பண்ணி ஆள் கூட்டிட்டு வர்றதுதான் எனக்கு வேலையே."

"சைட் நின்னதாலதாங்க கூட்டம் கூடுது. அவங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டா?"

"வேற கேம்ப் இல்லையா? ஆரம்பத்துல எல்லாத்துக்கும் கூட்டித்தான் வரணும். அப்புறம் தானா வருவாங்க." வெளியே அசையாமல் நின்ற கிரேன்களைக் காட்டினார். "எங்க கம்பெனி மட்டும் என்ன உசத்தி? கட்டடமே எழும்பலன்னா ஏசியை எங்க மாட்டுவான்? ஜனவரியில ஆள் குறைப்பு இருக்குன்னு பேசிக்கிறாங்க."

அதை அவர் என்னிடம் அதுவரை சொல்லவில்லை. நான் பயந்துவிடுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

சனிக்கிழமை தோஹா திரும்பினோம். விமானம் மேலெழும்பியதும் கீழே அந்தப் புல்தரை தெரிகிறதா என்று தேடினேன். மணல்தான் தெரிந்தது. நஜ்மாவில் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் மலபார் ஹோட்டலில் புரோட்டா அடிக்கும் சத்தம், வழக்கம்போலக் கூட்டம். இங்கே யாரும் பஸ் வைத்து ஆள் கூட்டுவதில்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த மேசைகளில் இருப்பவர்களும் ஏதோ ஒரு சைட்டை நம்பியவர்கள்தானே?

மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இவருக்கு விசா கொடுத்திருக்கும் கஃபீல் சம்மதிக்காமல் விட்டுப்போனால் இரண்டு வருடம் கத்தாரில் வேலைக்குத் திரும்ப முடியாது. "நீ சொல்றதுதான்" என்கிறார் இவர். வேண்டாம் என்று நான் தடுத்து, ஜனவரியில் இந்த வேலையும் போனால்? போங்கள் என்று சொல்லி, அங்கே கூட்டி வர ஆளே இல்லாமல் போனால்? வளைகுடாவில் குழந்தையோடு இப்படி ஒரு முடிவு எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள். முடிவு நல்லதாக அமைந்தவர்கள் மட்டுமல்ல, அமையாதவர்களும்.