கரடிக்குப் போட்ட பூட்டு

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தக் கட்டடத்தில் இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நீலகிரியில், தேயிலைக் காட்டுக்கு நடுவே, நகராட்சிக்குச் சொந்தமான மூன்று மாடிக் குடியிருப்பு. அவ்வளவு தெரிந்தால் போதும். மற்றபடி இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. சிவகுருவுக்கு நடந்தது, நடந்தபடியே.

சிவகுரு நகராட்சியில் பணி மேற்பார்வையாளர். தீப்பிடித்தால் நகராட்சி வீடுகளில் இருப்பவர்கள் உயிரோடு இறங்க முடியுமா என்று வருடா வருடம் பார்த்து எழுதிக் கொடுப்பதும் அவன் வேலைதான். மனைவி ரஞ்சனி இரண்டு வருடத்துக்கு முன் மார்கழியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவன் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பதில்லை. தூரத்தில் நின்று பார்ப்பான். ‘சரி’ என்று எழுதுவான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

அன்று ஆடிச் சாரல். அவன் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை இருக்கும். வாசலில் தீயை அணைக்க வைத்த சிவப்பு வாளி. அதில் மணல் இல்லை, புதினா தழைத்துக் கிடந்தது. தீயணைக்கும் உருளையின் மேல் யாருடைய சாக்ஸோ காய்ந்தது. கீழ் வீட்டுப் பாப்பம்மாள் கரி அடுப்பை நடுவீட்டில் வைத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள்.

“வாங்க சார். புதினா வேணும்னா கிள்ளிக்குங்க. போன வருசமும் அதையேதான் பாத்துட்டு நின்னீங்க.”

“பின்படிக்கட்டுக் கதவெல்லாம் பூட்டியிருக்குதே?”

“கரடிங்க. எண்ணெய் வாசத்துக்குப் படியேறி வந்துருது. மூணு மாடிக்கும் பூட்டுப் போட்டாச்சு.”

“தீப்பிடிச்சா அந்த வழியாத்தான் இறங்கணும்.”

“அப்ப கரடியை முன்வாசல் வழியா வரச் சொல்லி ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க.” சிரித்தாள். “தீ எப்பவோ ஒருக்கா. கரடி நாள் தவறாம வருதுங்க சார்.”

சிவகுருவும் சிரித்துவிட்டான்.

“சரி, பூட்டியே இருக்கட்டும். திறந்திருக்குன்னு எழுதிக்கறேன்.”

அப்படித்தான் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு ஒரு நொடிகூட யோசனை தேவைப்படவில்லை.

ஆபீசில் படிக்கட்டின் போட்டோ ஒன்று கேட்டிருந்தார்கள். கட்டடத்தின் வெளிப்புறமாகப் போகும் பின்படிக்கட்டில் ஏறினான். அவனோடு மூடுபனியும் ஏறியது. முதல் மாடிப் படிகள் நனைந்து வழுக்கின. இரண்டாம் மாடியிலும் அப்படித்தான். மூன்றாம் மாடிக்குப் போகிற படிகள் மட்டும் காய்ந்திருந்தன.

சாரல் அங்கேயும்தான் விழுந்துகொண்டிருந்தது.

மேலே வயர் கருகுகிற நாற்றம். பிறகு ஒரு சத்தம்.

டங்... டங்... டங்...

உள்ளேயிருந்து யாரோ கம்பிக் கதவைத் தட்டினார்கள். அவசரமாக இல்லை. தட்டித் தட்டிக் கை ஓய்ந்தவர்கள் தட்டுகிற மாதிரி.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். இடுப்பில் குழந்தை. அதன் தலை தோளில் சாய்ந்து தொங்கியது.

“சார்... திறங்க.”

“நீங்க எந்த வீடு?”

“பதினாலு. ராஜகுமாரி.” இருமினாள். “நீங்கதானே சார் எங்களுக்கு வீடு காட்டுனீங்க...”

அவன் அங்கே யாருக்கும் வீடு காட்டியதில்லை.

“பாப்பா தூங்கிட்டா சார். எழுப்பினா... எந்திரிக்க மாட்டேங்கறா.”

பூட்டைப் பிடித்தான். கை பொரிந்தது. இழுத்துக்கொண்டான்.

சாரல் துளி ஒன்று கம்பியில் விழுந்தது.

சுர்ர்ர்...

கீழே பார்த்துக் கத்தினான். பதில் இல்லை. மூலையில் கிடந்த செங்கல்லை எடுத்தான். அடித்தான். அடித்தான்.

“சார்...”

அடித்தான்.

பூட்டு தெறித்தது.

நடையில் யாரும் இல்லை.

கம்பி பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

சத்தம் கேட்டுப் பாப்பம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். “ஏனுங்க சார், இதென்ன கூத்து? கரடிக்கு நீங்களே கதவைத் திறந்து விடறீங்களா?”

“பதினாலுல யாரு இருக்கா?”

“அது காலிங்க. ஒழுகுதுன்னு நாலு வருசமா யாருக்கும் குடுக்கல.”

“ராஜகுமாரின்னு முன்னாடி யாராவது? தீயில கீயில...”

“அந்தப் பேர்ல யாரும் இருந்ததில்லீங்க. இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் ஒரு தீ விபத்தும் நடந்ததில்ல. நல்லா இருக்கற ஊட்டைப் பாத்து ஏன் சார் இப்படிக் கேக்கறீங்க?”

பதினாலாம் நம்பர் கதவில் துருப்பிடித்த நகராட்சிப் பூட்டு தொங்கியது.

அன்று சிவகுரு உள்ளதை உள்ளபடி எழுதினான். மூன்று கதவும் பூட்டு, இறங்க வழியில்லை. மேலே அனுப்பினான். ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரமே பூட்டு உடைந்த கதவு வழியாகக் கரடி வந்து ஒரு வீட்டில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துவிட்டுப் போனது. குடியிருப்பவர்கள் முன்னைவிடப் பெரிய பூட்டாகப் போட்டார்கள். அவன் இரண்டு முறை நினைவூட்டினான். பிறகு விட்டுவிட்டான்.

ஐப்பசியில் மேலதிகாரி கூப்பிட்டார். “பதினாலாம் நம்பர் ஒழுகலை அடைச்சாச்சு. ஆள் வந்திருக்கு, போய் வீட்டைக் காட்டிட்டு வாங்க.”

ஆபீஸ் வராந்தாவில் அவள் நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. பக்கத்தில் கணவன், தண்ணி லாரிக்குப் புதிதாக வந்த டிரைவர். சோலூர்ப் பக்கத்துக்காரர்கள். இந்த ஊருக்கு அன்றுதான் முதல் தடவையாக வருகிறார்களாம். அவள் பெயரை அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

“அந்த வீடு வேண்டாங்க. இன்னும் ஒழுகும்,” என்றான்.

அவள் முகம் மாறியது. “ஒழுகினா சட்டி வெச்சுக்கறேன் சார். ரெண்டு வருசமா ஊட்டுக்கு அலையறமுங்க. வேற யாருக்கும் குடுத்துராதீங்க.”

குழந்தை விழித்திருந்தது. அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எட்டிப் பிடித்துச் சிரித்தது.

அவன் வீட்டைக் காட்டினான்.

இப்போது தினமும் வேலை முடிந்ததும் அங்கே போகிறான். மூன்றாம் மாடிப் பூட்டை உடைக்கிறான். மறுநாள் போனால் புதுப் பூட்டு தொங்குகிறது. யார் மாட்டுகிறார்கள் என்று நேற்று பாப்பம்மாளைக் கேட்டான்.

“ராஜகுமாரிதாங்க,” என்றாள். “குழந்தைக்காரி இல்லீங்களா, கரடின்னா உசிர் போற பயம். ராத்திரி பூட்டிச் சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுத்தான் படுக்கறா.”