வாலாஜா புளியமரம்

சென்னை பாடியில் இருந்த லாரி ஸ்டாண்டில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த டிரைவரைப் பற்றி யார் வந்து விசாரித்தாலும் "தங்கமான ஆளு சார்" என்றுதான் சொல்ல வேண்டும். அவன் போன வாரம்தான் உங்கள் பல்லை உடைத்திருந்தாலும் சரி. முதலாளி நம் வயிற்றில் அடிக்கலாம், அது அவர் குணம். டிரைவர் வயிற்றில் டிரைவர் அடிக்கக் கூடாது. பதினொரு வருடம் லாரி ஓட்டிய நான் இதை ஒரே ஒரு முறை மீறினேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். பம்பாய் லைனில் ஒரே லாரிக்கு நானும் என் கூட்டாளி ஒருவனும் இரண்டு டிரைவர்கள். ஆறு மணி நேரம் அவன், ஆறு மணி நேரம் நான். ஓட்டாதவன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுப்பான். அவன் நசரத்பேட்டைக்காரன். அவனுக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தாள். பதினைந்து நாள் கழித்து வீட்டுக்குப் போய்க் கையை நீட்டினால், "யம்மா, யாரோ வந்துகீறாங்க" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடுமாம். சிரித்துக்கொண்டே சொல்வான். சொல்லி முடித்ததும் காலி ரோட்டில் தேவையே இல்லாமல் ஹாரன் அடிப்பான்.

எனக்கு இருந்த அவசரம் வேறு. ஆவடி குவார்ட்டர்ஸில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா சர்க்கார் தொழிற்சாலையில் இருந்தவர். "கம்பெனி வேலைன்னா பேசலாம். லைன் லாரிக்காரனுக்கு எம் பொண்ணைக் குடுக்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

லைனை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. பெட்ரோல் டேங்கருக்குப் போகலாம், சம்பளம் கூட, உயிர் மட்டும் கையில். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டலாம், கேட்டுக்கு வெளியே இரண்டு நாள் வரிசையில் காய வேண்டும். அரசு பஸ்ஸுக்கு சிபாரிசு வேண்டும். எல்லாரும் ஏங்கியது கம்பெனி ஸ்டாஃப் பஸ்ஸுக்குத்தான். காக்கி யூனிபார்ம், பி.எஃப்., கேன்டீன் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலே பொழுது சாய்ந்தால் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி அப்படி ஒரே ஒரு டிரைவரைத் தேடுவதாக முதலில் கேள்விப்பட்டவன் அவன்தான்.

"வா மச்சான், ரெண்டு பேரும் போலாம். யாருக்குக் கெட்ச்சா இன்னா?" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

பஸ்ஸைப் பின்னால் எடுத்து இரண்டு டிரம்முக்கு நடுவே நிறுத்தச் சொன்னார்கள். அவன் ஒரே எடுப்பில் நிறுத்தினான். நான் இரண்டு தடவை முன்னே வந்து சரி செய்தேன், அப்படியும் ஒரு டிரம் ஆடியது. அதன் பிறகு மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"உங்களைப் பத்திக் கேட்டேன், தங்கமான ஆளுன்னாரு. அவர் எப்படி? விபத்து கிபத்து ஏதாவது உண்டா?"

எனக்கும் அதே வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆவடியும் கூடவே வந்தது.

"நல்லா ஓட்டுவான் சார். வாலாஜா கிட்ட ஒரு தடவை கண் அசந்துட்டான். வண்டி புளியமரத்துல மோதிடுச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். முந்தின நாளிலிருந்து என் முறையையும் சேர்த்து அவன்தான் ஓட்டினான். நான் அவன் போர்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு பலகையில் கிடந்தேன். அதை மேனேஜரிடம் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. கல்யாணமும் நடந்தது. வாசலுக்கு வாழைமரம் கொண்டுவந்து இறக்கியவன் அவன். "எனக்கோசரம் நீ பேசிகினு இருந்திருப்ப, தெரியும் மச்சான். நம்ம நேரம் அப்டி கீது" என்றான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தது, அதோடு பந்தியில் உட்கார்ந்து பாயசமும் குடித்தது.

அவன் மேலும் பன்னிரண்டு வருடம் லைனிலேயே கிடந்தான். இடுப்பு போன பிறகுதான் தண்ணீர் லாரிக்கு மாறினான். தினமும் வீட்டுக்குப் போகத் தொடங்கியபோது, யாரோ என்று ஓடிய அந்தப் பெண் பத்தாவது முடித்திருந்தாள். எங்கள் தெருவுக்கு அவன் வண்டி வந்தால் குடத்தோடு முட்டி மோதுகிற கூட்டத்தை விலக்கி, "எங்க தங்கச்சி டிரம்முக்கு மொதல்ல" என்பான். தங்கச்சி என்றது என் மனைவியை. அவளுக்கு ஒரே பெருமை. எனக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூசும்.

சில வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். "பொண்ணுக்கு ஒரு எடம் வந்துகீது மச்சான். மாப்ள ஊட்டுக்காரங்க என்னைப் பத்தி விசாரிக்கணுமாம். உன் அட்ரஸத்தான் குட்துகீறேன்."

இரண்டு பேர் வந்தார்கள். ஆள் எப்படி என்று கேட்டதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன். காய்ச்சல், போர்வை, இரண்டு நாள் தூங்காமல் அவன் ஓட்டியது, வாலாஜா, புளியமரம். நடுவில் குரல் உடைந்தது, என் மேலேயே எரிச்சலாக வந்தது. அவர்களில் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, குடிப்பாரா?" என்றார்.

"தொட மாட்டான்" என்றேன். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

மறுவாரம் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு லட்டுப் பொட்டலத்தோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அய்துகினே பேசுனியாமே! சம்பந்தி சொன்னாரு. அன்னிக்கு அந்த மேனேஜர் கைலயும் இப்டித்தான் பேசிருப்ப. அந்தாளு கேக்கல, நீ இன்னா பண்ணுவ?"

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் அதில் ஒரு லட்டை வைத்துவிட்டு, எங்கள் டிரம்மை நிரப்பப் போனான்.